மஞ்சள் பெட்டிக்குப் பயந்தவர்

ஓமானில், சோஹார் துறைமுகத்தை ஒட்டிய தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்தபோது எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் ஓர் அண்ணன் இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "எனக்க பேரை எதுக்குலே எழுதினே, ஆராவது பாத்துட்டா?" என்று அதற்கும் ஒரு வாரம் தூங்காமல் கிடப்பார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். கடலில் பிறந்தவனுக்குப் பயம் கிடையாது என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? அந்தக் கேள்வி ஞானத்தை இவர் தனி ஆளாக நின்று பொய்யாக்கினார்.

லிஃப்ட்டில் ஏற மாட்டார். மாடிப்படியில் ஏறினாலும் கைப்பிடியை முதலில் ஆட்டிப் பார்ப்பார். கேம்ப் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து பெல்ட் தேடுவார். "அண்ணே, அந்த பெல்ட்டை எவனோ பேண்ட்டுக்குக் கட்டிட்டுப் போயிட்டான்" என்றால் சிரிக்க மாட்டார். எழுந்து வேறு சீட்டுக்குப் போவார். மெஸ்ஸில் மீன் குழம்பு வைத்தால் எல்லோரும் பிளேட்டைக் காலி பண்ணிக் கை கழுவி வந்த பிறகும் அவர் முள் எடுத்துக்கொண்டிருப்பார். அப்பன், பாட்டன் எல்லாம் மீன் பிடித்தவர்கள். இவர் மீன் முள்ளுக்குப் பயந்தவர்.

நானோ தைரியசாலி. அதாவது விஷயம் புரியாதவன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

அவர் டெக்னீசியன், நான் அவருக்கு ஹெல்ப்பர். எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் போகும் குழாய்களை வெல்டிங் வைத்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டுக்குள்ளே ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. மனுஷனுக்கு எக்ஸ்ரே எடுப்பதுபோலக் குழாய்க்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மஞ்சள் பெட்டி. டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவுதான், ஆனால் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதைக் 'கேமரா' என்போம். அதன் வயிற்றுக்குள் மிளகு அளவில் ஓர் உலோகத் துணுக்கு இருக்கும். அதற்குப் பெயர் 'சோர்ஸ்'. சாவி போட்டு, நீளமான கேபிளை மாட்டி, தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் துணுக்கு வெளியே வரும், படம் எடுக்கும், திருப்பிச் சுற்றினால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கிற வரைக்கும் பரம சாது. வெளியே இருக்கும்போது பக்கத்தில் போனவனுக்கு ஒன்றுமே தெரியாது. சுடாது, நாறாது, சத்தம் போடாது. பிறகு மெதுவாக உடம்பைத் தின்னும்.

இந்த வேலையை ஊரில் எப்படிச் சொல்வது? எக்ஸ்ரே வேலை என்று சொல்லி வைத்தேன். என் மாமியார் அதில் ஒரு டாக்டரைச் சேர்த்துவிட்டார். லீவில் போனால் முழங்கால் வலிக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்புவேன். பலருக்குக் குணமானதாகக் கேள்வி.

அண்ணனுக்கு இந்த விளையாட்டெல்லாம் ஆகாது. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவோம். கம்பெனி சொன்ன தூரத்தில் நான் கட்டினால் அவர் வந்து அவிழ்த்து இன்னும் தள்ளிக் கட்டுவார். அங்கே நின்றுகொண்டு, "மாறி நில்லு மக்கா, மாறி நில்லு" என்பார். தள்ளி நில் என்று அர்த்தம். நான் தள்ளுவேன். "இன்னும்." தள்ளுவேன். "அண்ணே, இதுக்கு மேல தள்ளினா துபாய் பார்டர், விசா கேப்பான்" என்பேன். அதற்கும் சிரிப்பு வராது.

கையில் எப்போதும் ஒரு மீட்டர் வைத்திருப்பார். கதிர்வீச்சு இருந்தால் கிரீச் கிரீச் என்று கத்தும் கருவி. வேலை முடிந்ததும் பெட்டியைச் சோதிப்பார், கேபிளைச் சோதிப்பார், தன் பூட்ஸைச் சோதிப்பார், என் ஷூவைச் சோதிப்பார், என் சாப்பாட்டுத் தூக்கைச் சோதிப்பார். "என் பொண்டாட்டி கூட என்னை இவ்வளவு சோதிச்சதில்லண்ணே" என்றேன் ஒருநாள். "அவளுக்க நல்லதுக்குத்தான் நான் சோதிக்கேன்" என்றார்.

ஒரு தடவை சைட்டில் குழாய் பொருத்தும் பிட்டர் ஒருவன் உட்கார இடம் கிடைக்காமல் அந்த மஞ்சள் பெட்டி மேல் குந்தி பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பூட்டிய பெட்டிதான், உண்மையில் பெரிய ஆபத்தில்லை. அண்ணன் பார்த்தார். திட்டவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "எனக்க மாதாவே" என்று அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிட்டர்தான் பிரியாணியைப் போட்டுவிட்டு ஓடி வந்து இவருக்குத் தண்ணீர் தெளித்தான்.

அன்று பிக்கப்பில் திரும்பும்போது அவராகவே பேசினார். ஓமானுக்கு வருமுன் வேறொரு நாட்டில் வேலை பார்த்தாராம். கூட ஒரு சிநேகிதன். கேபிளிலிருந்து கழன்று தரையில் கிடந்த துணுக்கை, என்னமோ நட்டு என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டான். கொஞ்ச நேரம்தான்.

"அப்புறம் என்னாச்சுண்ணே?"

"அன்னைக்கு ஒண்ணும் ஆகல. அதாக்கும் கொடுமை. நல்லா சோறு தின்னான், வீட்டுக்குப் போன் பண்ணினான், என்னைக் கிண்டல் பண்ணினான். ரெண்டு வாரம் போனப்புறம் விரல் சிவந்துது."

"அப்புறம்?"

"இப்போ கை கொடுத்தா இடது கையைக் கொடுப்பான்."

கேம்ப் வரும்வரை ரேடியோவில் எவனோ மலையாளத்தில் தங்க நகை விளம்பரம் சொல்லிக்கொண்டே வந்தான்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "பயம் இருக்கணும் மக்கா. சம்பளம் கேக்காத வாட்ச்மேன் அது." கேம்ப்பில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பாத்ரூமில் கரப்பான் பூச்சி வந்தால்கூட, "டேய், அண்ணனோட வாட்ச்மேனைக் கூப்பிடு" என்போம்.

இப்படிப்பட்ட மனிதரிடமிருந்துதான் அந்தப் பெட்டி திருடு போனது.

வெயில் மண்டையைப் பிளக்கும் மாதம். வெள்ளிக்கிழமை. காலையில் சின்ன வேலை ஒன்றை முடித்துவிட்டு, கேமராவை கம்பெனி ஸ்டோரில் பூட்டக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். பிக்கப்பின் பின்பக்கம் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் மஞ்சள் பெட்டி, இரண்டுக்கும் பூட்டு. அண்ணன் வழியில் எங்கும் நிறுத்த மாட்டார். அன்று நிறுத்தினார். தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. "தாகத்தோட வண்டி ஓட்டினா தலை சுத்தும். தலை சுத்தினா இடிக்கும். இடிச்சா பெட்டி என்னாவும்?" என்று அதையும் பயத்தில்தான் செய்தார்.

வளைகுடாவில் கஃபடேரியா வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் உள்ளேயிருந்து ஆள் ஓடி வந்து கண்ணாடி வழியாகச் சாயாவை நீட்டுவான். ராஜ மரியாதை. ஊரில் எனக்கு என் வீட்டிலேயே அது கிடையாது. ஆனால் அன்று ஜும்மா தொழுகை முடிந்த கூட்டம். எவ்வளவு அடித்தும் ஆள் வரவில்லை. வண்டியில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் போனேன்.

தண்ணீரும் சாயாவும் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, அந்தக் கடைக்காரர் கதவுக் கண்ணாடியை என்ன போட்டுத் துடைத்திருந்தாரோ, கதவு இருப்பதே தெரியவில்லை. முழு வேகத்தில் மூக்கால் மோதினேன். சாயா மேலே, நான் கீழே. மூக்கிலிருந்து ரத்தம் குழாயைத் திறந்ததுபோலக் கொட்டியது. கடையில் இருந்தவர்கள் பாதிப் பேர் பதறினார்கள், மீதிப் பேர் போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள்.

கண்ணைத் திறந்தால் அண்ணன் என் தலையைத் தூக்கி மடியில் வைத்திருக்கிறார். முகம் வெளிறிக் கிடக்கிறது. "மக்கா, முழிச்சுப் பாரு, நான் ஆரு சொல்லு?"

"எனக்க மாதாவே" என்றேன், அவர் குரலிலேயே. அடிபட்டாலும் நக்கல் போகவில்லை பாருங்கள்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே மாறியது. வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஊர் வெயிலில் ஏசியை அணைத்தால் சீட் தோசைக்கல் ஆகிவிடும். அதனால் கடை வாசல்களில் ஆளில்லாத வண்டிகள் இன்ஜின் ஓடியபடி வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. என் ரத்தத்தைக் கண்ட பதற்றத்தில் அண்ணனும் அப்படியே இறங்கி ஓடி வந்திருந்தார். சாவி வண்டியில், போன் வண்டியில், இன்ஜின் ஓட்டத்தில்.

வரிசையில் இருந்த எல்லா வண்டியும் உறுமிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வண்டி அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

அவர் கத்துவார், மயங்கி விழுவார் என்று நினைத்தேன். அந்தக் காலி இடத்தில் போய் நின்றார். குனிந்து தரையைத் தொட்டார். ஏசித் தண்ணீர் சொட்டின ஈரம் இன்னும் காயவில்லை. "போனைத் தா" என்றார்.

முதலில் மேனேஜருக்கு அடித்துக் கொடுத்தேன். மேனேஜர் போன் என்றாலே அண்ணன் எழுந்து நின்றுதான் பேசுவார். பாத்ரூமில் இருந்தால் வெளியே வந்து பேசுவார். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு மணி நேரம் பொறுங்க. நம்ம ஆட்களை விட்டுத் தேடுவோம். போலீஸ் இப்ப வேண்டாம், லைசென்ஸ் போயிடும், உங்களுக்கும் ஜெயில்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 'ஜெயில்' முடிவதற்குள் அண்ணன் போனை வெட்டிவிட்டார்.

"அண்ணே, அவர் பேசி முடிக்கல."

"ஒரு மணி நேரத்துல எவனாவது அதைத் தொறந்தா?" என்றார். போலீஸுக்கு அடித்தார். யூனிஃபார்ம் போட்ட செக்யூரிட்டியைக் கண்டாலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிற ஆள். பல் தந்தி அடிக்கிறது, ஆனாலும் வண்டி நம்பர், பெட்டியில் என்ன இருக்கிறது, யாரும் பக்கத்தில் போகக்கூடாது என்று அத்தனையும் சொன்னார். வைத்ததும், தன் சொந்த நம்பருக்கு அடித்தார்.

வண்டியில் கிடந்த அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பவும் அடித்தார். திரும்பவும். நான் மூக்கில் டிஷ்யூவை அடைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டேன்.

எடுத்தான்.

பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு 'டங்' என்று இரும்பில் இரும்பால் அடிக்கும் சத்தம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாய்" என்றார். பேச்செல்லாம் இந்தியில்தான் நடந்தது, தமிழில் சொல்கிறேன். "பாய், அடிக்காதே. அந்தப் பெட்டியை அடிக்காதே."

சத்தம் நின்றது. "உள்ளே என்ன இருக்கு?" ஆண் குரல். நம் அக்கம்பக்கத்து நாடுகளில் ஒன்றைச் சேர்ந்தவன்.

நான் அண்ணன் காதில் கிசுகிசுத்தேன்: "குண்டுன்னு சொல்லுங்கண்ணே, போட்டுட்டு ஓடுவான்."

அண்ணன் தலையை ஆட்டினார். "குண்டுன்னா கடல்ல எறிவான்."

அவனிடம், "அதுல விக்கிற சாமான் ஒண்ணும் இல்ல. வண்டியை எடுத்துக்கோ. போனை எடுத்துக்கோ. பெட்டியை மட்டும் விட்டுடு" என்றார்.

அவன் சிரித்தான். நியாயம்தானே? வண்டியை எடுத்துக்கொள், பெட்டியை விடு என்று ஒருவன் கெஞ்சினால் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று நானும்தான் கணக்குப் போடுவேன். "இவ்வளவு கனமா இருக்கே பாய். தங்கமா?" என்றான். திரும்ப 'டங்'.

"பாய்! சத்தியமா சொல்றேன். உள்ளே ஒரு சின்னத் துண்டு இருக்கு. தொட்டா சுடாது. வலிக்காது. கையில எடுத்தா ஒண்ணுமே தெரியாது. வீட்டுக்குப் போவே, சாப்பிடுவே, தூங்குவே. அப்புறம் கை அழுகும். அப்புறம் நீ." அண்ணன் குரல் உடைந்துவிட்டது. மிரட்டுகிறவன் குரல் அப்படி உடையாது. பயந்தவன் குரல்தான் உடையும். "உனக்குப் பிள்ளை இருக்கா? இருந்தா அதுங்களைத் தூக்காதே. முதல்ல என்கிட்ட பேசு."

போன் கட்டானது.

அந்த நேரத்தில் போலீஸ் வந்தது. வெள்ளை உடுப்பில் வேறு சில அதிகாரிகளும் மீட்டரோடு வந்தார்கள். போலீஸ் அதிகாரி இளைஞர், சோஹார்க்காரர், எங்களைவிட நல்ல இந்தி பேசினார். எங்களை ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு தேடக் கிளம்பினார். நான் மூக்கு வீங்கி, சட்டையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்ததால் வருகிற போகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் திருடன் என்று பார்த்தார்கள். அண்ணன் ஜீப்பில் ஏறியதும் பழக்க தோஷத்தில் பெல்ட் தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு மறுபடியும் தன் நம்பருக்கு அடிக்க ஆரம்பித்தார்.

அடித்துக்கொண்டே இருந்தார். என் போனில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. பழைய இரும்புக் கடைகள், பேரீச்சைத் தோட்டங்கள், ஆடு கட்டும் கொட்டில்கள் எல்லாம் ஜன்னலில் ஓடின. ஒவ்வொரு கொட்டிலிலும் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஜோக் வற்றிப்போனது அன்றைக்குத்தான்.

மறுபடியும் எடுத்தான். குரல் மாறியிருந்தது.

"பாய்... எனக்கு வயித்தைப் பிரட்டுது."

அண்ணன் என் முழங்காலைப் பிடித்தார். இறுக்கிய இறுக்கில் எனக்கு மூக்கு வலி மறந்தது. "திறந்துட்டியா?"

"முன்னாடி ஒரு மூடி இருந்துச்சு. அதைக் கழட்டிட்டேன். பின்னாடி பூட்டை அடிச்சேன். வரலை. அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. வாந்தி வர்ற மாதிரி இருக்கு பாய். வெயிலா, அதுவா?"

வெயிலா அதுவா என்று அண்ணனுக்கும் தெரியாது. முன்பக்க மூடியைக் கழற்றினால் மட்டும் துணுக்கு வெளியே வராது, பூட்டு உடைந்திருக்காவிட்டால் ஆபத்தில்லை. ஆனால் பூட்டு உடைந்ததா இல்லையா என்பதை அவன் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மாறி நில்லு" என்று முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இந்தியில் சொன்னார். "பெட்டியை விட்டுத் தள்ளிப் போ. நட. போனைக் காதுல வச்சுட்டே நட."

நடக்கும் சத்தம் கேட்டது. கூழாங்கல் நொறுங்கும் சத்தம்.

"இங்க போதுமா?"

"இன்னும்."

"இப்ப?"

"இன்னும் போ."

என்னிடம் எத்தனையோ முறை சொன்ன அதே 'இன்னும்'. ஆனால் அந்தப் பக்கம் இருந்தவன் துபாய் பார்டர் ஜோக் அடிக்கவில்லை. சொன்னபடி நடந்தான். ரொம்ப தூரம் நடந்தான்.

"பாய், நான் போயிடறேன். இதை இங்கயே விட்டுட்டு ஓடிப் போயிடறேன்" என்றான்.

முன்சீட்டில் இருந்த அதிகாரி திரும்பி, பேச்சை விடாதே என்று சைகை காட்டினார். அண்ணன் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"அங்கே பக்கத்துல வீடு இருக்கா?"

"ஒரு தோட்டம் இருக்கு. ரெண்டு பசங்க ஆடு ஓட்டிட்டு வர்றாங்க."

"போகாதே" என்றார் அண்ணன். "பாய், போகாதே. நீ போனா அதுங்க வந்து தொடும். நில்லு. யாரையும் கிட்ட விடாதே. நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் நில்லு."

பிறகு தூரத்தில் அவன் யாரையோ பார்த்துக் கத்துவது கேட்டது. வராதே, வராதே, அந்தப் பக்கம் போ. அவனுக்குத் தெரிந்த அரபியில் எல்லாம் கத்தினான். பிறகு எங்களுக்கு இடத்தைச் சொன்னான். வாதி என்று சொல்லும் வற்றிப்போன ஆற்றுக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி இருக்கிற தோட்டம்.

நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆற்றுக் கல்லெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. பிக்கப் கதவு திறந்து கிடந்தது. கொஞ்ச தூரத்தில் தரையில் மஞ்சள் பெட்டி. வாதிப் பாதையின் குறுக்கே ஒருவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான், மாடு மறிக்கிறவனைப் போல. போலீஸ் ஜீப்பைக் கண்ட பிறகும் அவன் ஓடவில்லை. பையன்கள் ஆடுகளோடு தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அவனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கையைப் பின்னால் கட்டி ஏற்றினார்கள். அண்ணனைக் கடந்து போகும்போது குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டான் போல. "நீ நிக்கச் சொன்னே, நின்னேன் பாய்" என்றான். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. நின்றேன் என்று கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொன்னான்.

அதிகாரிகள் மீட்டரோடு பெட்டியை நெருங்கினார்கள். பூட்டு நசுங்கியிருந்தது, உடையவில்லை. துணுக்கு உள்ளேயே பத்திரமாக இருந்தது. வெளியே வந்திருக்க வழியே இல்லை என்றார்கள். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நான் கைகூடத் தட்டினேன். யாரும் சேர்ந்து தட்டாததால் நிறுத்திக்கொண்டேன். அண்ணன் மட்டும், "அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, ரத்தம் பாருங்க" என்று ஒவ்வொரு அதிகாரியிடமாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் பார்ப்பதாகச் சொன்னார்கள். பார்க்கவும் பார்த்தார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை, வயிற்றைப் பிரட்டியது வெயிலால்தான் என்று டாக்டர் சொன்னதாக அந்த இளம் அதிகாரியே மறுநாள் போனில் சொன்னார்.

அண்ணனுக்கு வேலை போனது. வண்டியை ஆளில்லாமல் விட்டதற்கு விசாரணை, எழுத்து, கையெழுத்து எல்லாம் நடந்து, ஜெயில் இல்லை, ஊருக்கு அனுப்புவதோடு கல்லி வல்லி, போனால் போகிறது, என்று முடித்தார்கள். மேனேஜர் டிக்கெட்டைக் கொடுத்தார். சம்பளம் பிடித்தபோதுகூட வாயைத் திறக்காத மனிதர், முதல் முறையாக மேனேஜரிடம் ஒன்று கேட்டார்: "ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுத் தாங்க சார்."

"எதுக்கு?"

"ஒருத்தனுக்க கையைப் பாக்கணும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் என் மூக்கைத் தடவினேன். டிக்கெட் தள்ளிப்போனது.

அந்த இரண்டு வாரமும் கேம்ப்பில் அண்ணனோடு இருப்பது கஷ்டம். தூங்க மாட்டார். கட்டிலில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார், அந்தச் சிவப்பு தன் விரலிலேயே வரப்போவதைப் போல. "அண்ணே, வழியே இல்லன்னு சொல்லிட்டாங்கள்ல?" என்பேன். "தெரியும் மக்கா. எனக்கும் தெரியும். வழி இல்லதான்" என்பார். விரலைப் பார்ப்பதை நிறுத்த மாட்டார். எங்களில் யாருக்கும் வாட்ச்மேன் ஜோக் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். வாசலில் நின்ற காவலரைக் கண்டதும் கால் பின்னால் போனது. என் தோளைப் பிடித்துக்கொண்டே படியேறினார். இளம் அதிகாரி எங்களைக் கண்டு சிரித்தார். "மறுபடியுமா? உன் வண்டியைத் திருடினவன் அவன். நீ அவனோட அம்மா இல்லை" என்றார். ஆனாலும் ஆளை அனுப்பினார்.

அவனைக் கூட்டி வந்தார்கள். ஒல்லியாக, தலையைச் சீவி, சுத்தமாக இருந்தான். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்ட கஃபீலிடமிருந்து, அதாவது விசா கொடுத்த முதலாளியிடமிருந்து, ஓடி வந்தவன், வண்டியை விற்றுக் கள்ளத்தனமாக ஊர் போகத் திட்டம் என்று அதிகாரி எங்களிடம் சொல்லியிருந்தார். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தோம். அண்ணன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கையைக் காட்டு" என்றார்.

விலங்கு மாட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவன் மணிக்கட்டுகளைச் சேர்த்து நீட்டினான். அண்ணன் மெதுவாகப் பிரித்து உள்ளங்கையைத் திருப்பினார். ஒவ்வொரு விரலாக எடுத்து நுனியை அமுக்கினார். அமுக்கி விட்டு, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்று அவனை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். நகக்கண்ணைப் பார்த்தார். "இங்க வலிக்குதா? இங்க? எரியுதா?" அவன் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து பக்கத்தில் வந்து தானும் பார்த்தார்.

கையில் ஒன்றும் இல்லை. வெல்டிங்கில் பட்ட பழைய தழும்பு ஒன்று. அவ்வளவுதான்.

அண்ணன் கையை விடப்போனார். அவன் விடவில்லை. இவர் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பாய், ராத்திரி படுத்தா கை எரியுற மாதிரி இருக்கு. லைட்டைப் போட்டுப் பார்த்தா ஒண்ணுமில்ல. சோறு தின்னும்போது கையைத் துணியில சுத்திக்கிறேன். இங்க சிரிக்கிறாங்க. ஊருக்கு அனுப்பினா என் மகளைத் தூக்கலாமா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம்தான் கேட்டிருக்கிறான். என்ன சொல்வார் என்று எனக்கே பயமாக இருந்தது.

"தூக்கு" என்றார் அண்ணன். "நல்லாத் தூக்கு. பயப்படாதே."

அவன் கையை விட்டான். உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது தன் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே போனான், குளிர் காய்கிறவனைப் போல.

வெளியே வந்தோம். அண்ணன் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். குடிக்கவில்லை. பாட்டிலைப் பக்கத்துப் படியில் வைத்தார்.

"நல்லதுதானேண்ணே சொன்னீங்க?" என்றேன்.

"பயப்படாதேன்னு சொல்லிட்டேன் மக்கா" என்றார். "அவனுக்க வாட்ச்மேனை நானே அனுப்பிட்டேன். ஆரை நம்பிச் சொன்னேன்னு எனக்குத் தெரியல."